ஆடு கடித்த மெழுகுப்பூ

கொழும்பில் இருக்கும் என் மகனுக்கு, மாத்தளையிலிருந்து சின்னம்மா எழுதுவது. இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை. மழை விட்டுவிட்டது. உன்னையும் பேத்தி செல்வியையும் நினைக்காத பொழுது இல்லை.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். மறுபடியும் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதித்துவிட்டாய் என்ற இடம் வந்ததும், "திரும்பப் படி" என்றார். திரும்பப் படித்தேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு துண்டால் மூக்கைத் துடைத்தார். சந்தோஷம்தான். மரகதம் கண்ணை மூடியதிலிருந்து ஒற்றை ஆளாக ஒரு பெண் குழந்தைக்குத் தலைவாரிவிட்டு, சோறு ஊட்டிவிட்டு, துறைமுகத்து ஆபீசுக்கும் ஓடிக்கொண்டிருக்கிறாயே என்று நாங்கள் பேசாத நாள் இல்லை. வரப்போகிற பெண் பொறுமைசாலி என்று எழுதியிருக்கிறாய். நல்லது ராசா. அவளை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் அவள் நிலைமை எனக்குத் தெரியும், வேறு யாரையும்விட எனக்குத் தெரியும்.

கடிதத்தின் கடைசியில் ஒன்று எழுதியிருந்தாய். மரகதத்தின் சேலை, சீப்பு, கண்ணாடி எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் கட்டி அவள் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவிடப் போவதாகவும், அப்போதுதான் வருகிறவள் மனம் நோகாது, செல்வியும் சீக்கிரம் மறந்துவிடுவாள் என்றும். அந்த இடத்தில் நான் நிறுத்திவிட்டேன். அப்பா, "என்ன, எழுத்துப் புரியலியா?" என்று கேட்டார். புரிந்தது, அதனால்தான் நிறுத்தினேன். பெட்டியை இப்போது கட்டாதே. ஏன் என்று சொல்வதற்குத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்திருக்கிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்து, கோணல் மாணலாகத்தான் இருக்கும். நிதானமாக வாசி.

உனக்கு அப்போது ஏழு வயது. நடந்ததில் உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. ஞாபகம் இருந்தாலும் அது உன் பக்கத்திலிருந்து பார்த்தது. என் பக்கத்திலிருந்து நான் உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள் நான். உன் அப்பா அங்கே மாட்டுவண்டியோடு வந்து தேயிலைப் பெட்டிகளை ஏற்றி மாத்தளை ஸ்டேசனுக்குக் கொண்டுபோவார். மனைவியைக் காய்ச்சலுக்குக் கொடுத்த மனுசன், ஒரு பையன் இருக்கிறான் என்று எல்லாருக்கும் தெரியும். என் அப்பா என்னைக் கட்டிக்கொடுத்தபோது சீராகக் கொடுத்தது ஒரு வெள்ளாட்டையும் அதன் பால்குடிக் குட்டியையும். அந்த இரண்டையும் வண்டிக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அலுவிகாரைக்குப் போகிற ரோட்டோரத்தில் இருந்த அந்த இரண்டு அறை வீட்டுக்கு வந்து இறங்கினேன். வாசலில் நீ நின்றாய். என்னைப் பார்க்கவில்லை, ஆட்டுக்குட்டியைப் பார்த்தாய். உன் அப்பா, "இனி இவுங்கதான்டா உனக்கு அம்மா" என்றார். நீ உள்ளே போய்விட்டாய்.

வீட்டில் உன் அம்மாவின் சாமான் எதுவும் இல்லை. நான் வருகிறேன் என்று அப்பா எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டிருந்தார். நல்ல மனசோடுதான் செய்தார், நீ இப்போது செய்ய நினைப்பதுபோல. அவர் கைக்குத் தப்பியது ஒன்றே ஒன்று. பின்பக்க ஜன்னல் கட்டையில், நீ படுக்கிற பாய்க்கு நேராக, ஒரு மண்சட்டியில் அந்தச் செடி. உன் அம்மா கல்யாணத்துக்கு முன்னால் மேலே தோட்டத்துத் துரை பங்களாவில் ஆயாவாக இருந்தவள். அங்கே துரைசாணி வளர்த்த செடியிலிருந்து ஒரு பக்கக்கன்றை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து நட்டாளாம். துரைசாணி அதற்கு அந்தூரியம் என்று பேர் சொல்வாளாம். உன் அம்மா மெழுகுப்பூ என்பாளாம். மெழுகைத் தேய்த்துவிட்ட மாதிரி பளபளவென்று சிவந்த ஒரே இதழ், நடுவில் ஒரு மஞ்சள் திரி. நான் வந்தபோது அதில் பூ இல்லை. அகலமான இலைகள்தான் இருந்தன. தினமும் பள்ளிக்கூடம் போகுமுன் ஈரத்துணியால் ஒவ்வொரு இலையையும் துடைப்பாய். உன் அம்மா அப்படித்தான் துடைப்பாள் என்று அப்பா சொன்னார். ஒருநாள் சட்டிக்குக் கீழே தூசியாக இருக்கிறதே என்று அதைத் தூக்கப் போனேன். "அதைத் தொடாதீங்க" என்றாய். "அது எங்கம்மாவோடது." நீ என்னிடம் முழுசாகப் பேசிய முதல் பேச்சு அதுதான். எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வீட்டில் எனக்கு எது சொந்தம், எது சொந்தமில்லை என்று யாராவது ஒருவர் தெளிவாகச் சொன்னார்களே என்று ஒரு நிம்மதிகூட வந்தது.

அதன்பிறகு கொஞ்ச நாளில் அது நடந்தது. நான் மலைத்தண்ணீர் விழுகிற பீலிக்குத் துணி துவைக்கப் போயிருந்தேன். ஆட்டைப் பலாமரத்தில் கட்டிவிட்டுத்தான் போனேன். கயிற்றை மென்று அறுத்துக்கொண்டு வந்துவிட்டது. நான் ஈரத்துணியோடு திரும்பியபோது சட்டி ஜன்னலுக்குக் கீழே உடைந்து கிடந்தது. மண் சிதறியிருந்தது. இலைகள் அத்தனையும் போய்விட்டன. தண்டு பாதியில் முறிந்து, வேரோடு விரல் நீளத்துக்கு ஒரு கட்டை மட்டும் மிச்சம். ஆடு மூலையில் நின்று தலையை உதறிக்கொண்டிருந்தது. வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது, உதடு வீங்கியிருந்தது. அந்தச் செடியின் சாறு வாயை எரிக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு மண்ணை அள்ளத் தொடங்கும்போதே வேலிப் படலை திறக்கிற சத்தம் கேட்டது. நீ வந்துவிட்டாய்.

அழுவாய், என்னைத் திட்டுவாய், கல்லெடுத்து ஆட்டை எறிவாய் என்று நினைத்தேன். நீயோ சிலேட்டை வைத்துவிட்டு உட்கார்ந்தாய். ஆடு துப்பியிருந்த ஒரு இலைத்துண்டை எடுத்து, அந்தக் கட்டையில் முறிந்த இடத்தோடு பொருத்திப் பிடித்தாய். கையை எடுத்தால் விழும், மறுபடியும் எடுத்துப் பொருத்துவாய். அது ஒட்டாது என்று தெரிந்தும் பக்கத்தில் உட்கார்ந்தேன். தள்ளிப் போ என்று நீ சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பொழுது சாயும் நேரத்தில் அப்பா வந்தார். பார்த்ததும் அவர் முகம் கறுத்துவிட்டது. "இந்தச் சனியனை இப்பவே கசாப்புக் கடையில விட்டுட்டு வாரேன்" என்று கழுத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்தார். நான் தடுக்கவில்லை. "கொண்டுபோங்க" என்றுதான் சொன்னேன். என் அப்பா கொடுத்த ஆடு, ஆனாலும் அந்த வீட்டில் அது இனி எந்த முகத்தோடு நிற்கும்? அது வாய் எரிச்சலில் ஒரு மாதிரி கத்தியது. பின்னாலேயே குட்டி கத்திக்கொண்டு ஓடியது. அப்போதுதான் நீ எழுந்து வந்தாய். "வேணாம்பா" என்றாய். அப்பா நின்றார். "குட்டி இருக்குதேப்பா. அதுக்கு யாரு பால் குடுப்பாங்க?"

உன் அப்பா கயிற்றை விட்டுவிட்டார். வண்டி மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கொட்டிலுக்குப் போனவர் வெகுநேரம் அங்கேயே நின்றார். நீ ஒரு தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் கொண்டுவந்து ஆட்டின் வாயைக் கழுவிவிட்டாய். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். ராசா, நான் உன்னைப் பெறவில்லை. ஆனால் நீ எப்படிப்பட்ட பிள்ளை என்பதை அந்தச் சாயங்காலம் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு உன்னைப் பற்றி எனக்கு எந்தப் பயமும் வந்ததில்லை.

மறுவாரம் அப்பா மேலே வண்டி கொண்டுபோனபோது உன்னையும் கூட்டிக்கொண்டு நானும் ஏறினேன். பங்களாவில் அதே செடி இருக்குமே, ஒன்று கேட்டு வாங்கிவிட்டால் உன் மனசு ஆறிவிடும் என்று நினைத்தேன். அங்கே தோட்டக்காரர் உன் அம்மாவை ஞாபகம் வைத்திருந்தார். நல்ல சட்டியாகப் பார்த்து, மூன்று பூ பூத்த செடியாக எடுத்து உன்னிடம் நீட்டினார். "இந்தாடா, இது அதைவிடப் பெருசு." நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டாய். "எனக்கு வேணாங்க. இது எங்கம்மா வச்சது இல்ல." அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பளபளவென்று, புதுச் சட்டியில், யாரும் கேட்காமல் நீட்டப்பட்ட அந்தச் செடியைப் பார்த்தபோது, இந்தப் பிள்ளைக்கு முன்னால் நானும் இப்படித்தானே வந்து நிற்கிறேன் என்று பட்டது. "சரிங்க, இருக்கட்டும். எங்க வீட்டுல அடிக்கட்டை இருக்கு. அது பிழைக்குமா?" என்று கேட்டேன். "உள்ள பச்சையா இருந்தா உசிரு இருக்கும்மா. வெயில்ல வைக்காதீங்க. கிளறிக்கிட்டே இருக்காதீங்க. வந்தா வரும்" என்றார். திரும்பி வந்ததும் நீ முதலில் நகத்தால் அந்தக் கட்டையைச் சுரண்டினாய். உள்ளே பச்சை தெரிந்தது. "இருக்கு" என்றாய். யாருக்குச் சொன்னாய் என்று தெரியாது, நான்தான் பக்கத்தில் இருந்தேன்.

ஒரு பழைய சட்டியில் அதை நட்டோம். அதற்குப் பிறகு நான் செய்த வேலையைக் கேள். அடுப்படிக்குப் போகும்போதும் வரும்போதும் அதற்கு ஒரு கை தண்ணீர் ஊற்றினேன். ஆட்டுப் புழுக்கையைப் பொடித்து உரமாகப் போட்டேன். உனக்கும் அப்படித்தான், ராசா. நீ பாதி ரொட்டி தின்றால் இரண்டு ரொட்டி வைப்பேன். கேட்காமலே தலையில் எண்ணெய் வைப்பேன். நீ நெளிவாய், நான் விடமாட்டேன். என் ஆடு செய்த அழிவை என் கையால் சீக்கிரம் நிரப்பிவிட வேண்டும் என்று எனக்கு அவசரம். எனக்குத் தெரியாமல் நீயும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தச் சட்டிக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாய். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லவில்லை, பேசிக்கொண்டால்தானே சொல்வதற்கு.

ஒருநாள் நீ சட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு அடுப்படி வாசலில் வந்து நின்றாய். "நாறுது" என்றாய். வந்து பார்த்தேன். மண் சேறாகக் கிடந்தது. கட்டையின் அடி கறுத்து, தொட்டால் குழைந்தது. "நீங்க தண்ணி ஊத்துனீங்களா?" என்றாய். ஆமாம் என்றேன். சட்டியைப் பார்த்துக்கொண்டே, "நானும் ஊத்துனேன்" என்றாய். நாம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவ்வளவு கவலைக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. உன் வாய் ஓரமும் கொஞ்சம் அசைந்தது, நான் பார்த்தேன்.

அன்றைக்கு இருவரும் சேர்ந்து அதைத் தோண்டி எடுத்தோம். பீலித் தண்ணீரில் வேரைக் கழுவினோம். கறுத்துக் குழைந்த வேரையெல்லாம் நெருப்பில் காட்டிய கத்தியால் வெட்டினேன். வெளுப்பாக, கெட்டியாக இருந்த வேர் கொஞ்சம்தான் மிஞ்சியது. வெட்டுகிற ஒவ்வொரு தடவையும் நீ கண்ணை மூடிக்கொண்டாய், ஆனால் கட்டையைப் பிடித்திருந்த கையை விடவில்லை. வெட்டுக்காயத்தில் அடுப்புக் கரியையும் கறுவாப்பட்டையையும் பொடித்து அப்பினோம். அதை யாரும் சொல்லித் தரவில்லை. மாட்டுக் கால் புண்ணுக்கு அப்பா கரி வைப்பதைப் பார்த்திருந்தேன், கறுவாத்தூள் வைத்த எதிலும் பூஞ்சணம் வராது என்பதும் தெரியும். காயவைத்து, மறுபடி சட்டியில் வைத்தபோது சேற்று மண்ணைச் சேர்க்கவில்லை. அடியில் உடைந்த ஓட்டுத் துண்டு, மேலே தேங்காய்த் தும்பும் கரித்துண்டும். மரத்தில் ஒட்டி வாழ்கிற செடிபோல அதற்கு வேரில் காற்றுப் பட வேண்டும் என்று நமக்குப் பட்டது. பிறகு ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். இனித் தண்ணீர் ஊற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவன் நீ. விரலைத் தும்புக்குள் விட்டுப் பார்த்து நீ சொல்ல வேண்டும், நீ சொன்னால்தான் நான் ஊற்ற வேண்டும்.

அடுத்த நாள் காலையில் நான் செம்போடு வந்து நின்றேன். நீ விரலை விட்டுப் பார்த்தாய், பெரிய வைத்தியர் நாடி பார்ப்பதுபோல. "இன்னைக்கு வேணாம் சின்னம்மா" என்றாய். அதுவரை நீ என்னை எந்தப் பேர் சொல்லியும் கூப்பிட்டதில்லை. "ஏங்க"கூட இல்லை. நான் செம்பைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அந்தத் தண்ணீரை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்துக்கொண்டே நின்றேன்.

அப்பா தும்புக் கயிற்றில் ஒரு உறி பின்னிக் கூரைச் சட்டத்தில் கட்டிச் சட்டியை அதில் வைத்தார். ஆடு இனி எட்டிப் பார்க்கத்தான் முடியும். ஜன்னல் வெயில் நேரே படாமல் இருக்க ஒரு பழைய கொழுந்துக் கூடையின் பக்கத்தை அறுத்துத் தடுப்பு வைத்தோம். பிறகு ஒன்றும் செய்யவில்லை. அதுதான் கஷ்டமான பகுதி. நாள்கணக்காக அது அப்படியே கட்டையாக இருந்தது. தோண்டிப் பார்க்கலாமா என்று எனக்குக் கை பரபரக்கும். நீ கேட்பாய், "செத்துப் போச்சா சின்னம்மா?" "தெரியல சாமி" என்பேன். பிழைத்துவிடும் என்று பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்த நாட்களில்தான் நீ உன் அம்மாவைப் பற்றி என்னிடம் பேசத் தொடங்கினாய். அவள் தோசைக்கு வெங்காயம் கூடுதலாகப் போடுவாள், பாட்டுப் பாடினால் பாதியில் வரி மறந்துவிடும், காய்ச்சல் நேரத்தில்கூட இலையைத் துடைக்கச் சொன்னாள் என்று. அவளை நான் பார்த்ததே இல்லை. ஆனால் நீ சொல்லச் சொல்ல, அவள்மேல் எனக்கு ஒரு பிரியம் வந்தது. இவ்வளவு நல்ல பிள்ளையை விட்டுவிட்டுப் போக அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்து நான் தனியாக அழுதிருக்கிறேன்.

மழை தொடங்கிய பிறகு கட்டையின் பக்கவாட்டில் சிவப்பாக ஒரு முனை தெரிந்தது. கொசு கடித்த தடிப்பு அளவுதான். நீ ரோட்டுக்கு ஓடிப்போய், வந்துகொண்டிருந்த அப்பாவின் வண்டியை நிறுத்தி, மாடு நனைய நனைய அவரை உள்ளே இழுத்து வந்தாய். அதிலிருந்து வந்த முதல் இலை சின்னதாக, ஒரு பக்கம் சுருண்டு கோணலாக இருந்தது. "பழைய மாதிரி இல்லியே" என்று உன் முகம் வாடியது. "அடிபட்டு எழும்புறது முதல்ல அப்படித்தான் வரும், அதையும் துடைச்சுவிடு" என்றேன். துடைத்தாய். இரண்டாவது இலை நேராக வந்தது.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று உனக்குப் புரிந்திருக்கும். மரகதத்தின் சாமான்கள் செல்வி கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். எதை வைக்கலாம், எதை எடுக்கலாம் என்று அந்தக் குழந்தை சொல்லட்டும். வருகிற பெண்ணை அம்மா என்று கூப்பிடச் சொல்லாதே. என்ன கூப்பிட வேண்டும் என்று செல்வியே கண்டுபிடிப்பாள். கண்டுபிடிக்க நாளானால் ஆகட்டும். அந்தப் பெண்ணிடமும் சொல், விழுந்து விழுந்து கவனிக்க வேண்டாம், மிட்டாயும் பொம்மையுமாக வாங்கிக் குவிக்க வேண்டாம். பக்கத்தில் இருந்தால் போதும். குழந்தை மரகதத்தைப் பற்றிப் பேசினால் எழுந்து போகாமல் கேட்கச் சொல். வருகிறவளுக்கும் அது வலிக்கும். அப்போது நீ செல்வியின் பக்கம், அவள் வேறு பக்கம் என்று நிற்காதே. உன் அப்பா மாட்டுக்கொட்டிலுக்குப் போய் நின்றாரே, அப்படி நிற்காதே, கூட இரு. இதை எழுதும்போது அப்பா பக்கத்திலிருந்து, "என்னையும் போட்டுட்டியா?" என்று கேட்கிறார். போட்டுவிட்டேன் என்றேன். "சரி, உண்மைதானே" என்கிறார்.

கல்யாணத்துக்கு இரண்டு பேரும் ரயிலில் வந்துவிடுவோம். ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க எனக்கு இத்தனை வருசமும் கூச்சமாக இருந்தது.

அடுத்த வருசம் மழை விட்ட பிறகு அந்தச் செடி ஒரு மொட்டு விட்டது. ஆட்டுக்குச் சங்கிலி போட்ட பிறகு சட்டியை உறியிலிருந்து இறக்கிப் பழையபடி ஜன்னலில் வைத்துவிட்டிருந்தோம். ஒருநாள் காலையில் பூ விரிந்திருந்தது, உள்ளங்கை அளவு, சிவப்பு. இலையைத் துடைத்துவிட்டு நீ பள்ளிக்கூடம் போய்விட்டாய். நான் அடுப்படியில் உட்கார்ந்து மாவு பிசைந்துகொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தினேன். கதவு வழியே பூ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. உன் பாய்க்கு நேராக இருந்த பூவை, நான் உட்காருகிற பக்கத்துக்குத் திருப்பி வைத்துவிட்டுப் போயிருந்தாய். வெளிச்சம் ஜன்னலில்தானே, இரண்டொரு நாளில் தண்டு மெல்ல வெளிச்சத்துப் பக்கமே சாயும். நீ மறுபடி சட்டியைத் திருப்பி வைப்பாய். அந்தப் பூ வாடும்வரைக்கும் அப்படியே செய்தாய்.

உன்,
சின்னம்மா